நிலமா, நீரா? கட்டுவதற்கு முன்பே சொல்லட்டும்!

(சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைய கூட்டத்தில் நம் காலடி மண்ணைப் பற்றிப் பேசப் போகிறோம். மும்பையில் காடி ஓரத்தில் குடியிருக்கிறவர்கள், அங்கே ஒரு ரூம் வாங்க முன்பணம் கொடுத்தவர்கள், ஊரிலிருந்து வரும் தம்பிக்கும் மச்சானுக்கும் இடம் தேடுகிறவர்கள், எல்லோருக்கும் ஒரே கேள்வி இருக்கிறது. இந்த இடம் நிலமா, நீரா?

பார்த்தால் தெரியாதா என்று நினைப்பீர்கள். தெரியாது, தோழர்களே. கண்ணுக்கு மேடாகத் தெரிகிற இடம் சர்க்கார் வரைபடத்தில் சதுப்பாக இருக்கும். தண்ணீர் தேங்கி நிற்கிற இடம் வரைபடத்தில் குடியிருப்பு மனையாக இருக்கும். இடிக்கும் வண்டி வந்து நிற்கிற நாளில் செல்லுபடியாவது அந்த வரைபடத்துக் கோடுதான். அந்தக் கோடு எந்த ஆபீசில் இருக்கிறது, அதை எப்படிக் கேட்டு வாங்குவது என்பதே இன்றைய பேச்சு.

சேற்றில் இறக்கியது யார்?

நம்மவர் இந்த நகரத்துக்கு வந்த கதையை நினைத்துப் பாருங்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் தொழிலுக்கு வந்தவர்கள் தாராவியில் இறங்கினார்கள். அன்று அது மீனவர் குப்பமும் அதைச் சுற்றிய சேறும். ஊருக்குள் வேண்டாம் என்று ஒதுக்கிய தொழில்களும், அந்தத் தொழில்களைச் செய்த மக்களும் சேற்றோரம் தள்ளப்பட்டார்கள். மண்ணும் கல்லும் குப்பையும் போட்டு மிதித்து அதை மேடாக்கியவர்கள் உழைக்கும் மக்கள்.

1976ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். நெருக்கடி நிலைக் காலம். நம்மவர் ஏராளமாகக் குடியிருந்த ஜனதா காலனி இடிக்கப்பட்டது. அங்கிருந்தவர்களை டிராம்பே காடி ஓரத்துச் சதுப்பில், இன்று சீத்தா கேம்ப் என்று நாம் சொல்லும் இடத்தில் கொண்டு இறக்கினார்கள். சேற்றுக்குப் போக வேண்டும் என்று அந்த மக்கள் ஆசைப்பட்டா போனார்கள்? ஆகவே, சதுப்பு நிலச் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது ஏழையை ஆக்கிரமிப்பாளன் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது.

சட்டம் நமக்கு எதிரி அல்ல

அதற்காகச் சட்டமே வேண்டாம் என்கிறோமா? இல்லை. 2005 ஜூலை 26ஐ நம் குடும்பங்கள் மறக்கவில்லை. சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. மித்தி ஆறு பெருகித் தாழ்வான இடங்களெல்லாம் மூழ்கின. தாழ்வான இடத்தில் வீடு வைத்திருந்தது யார்? கூலி வேலை செய்கிறவன். மழை நீருக்குத் தங்க இடம் வேண்டும், அலையின் வேகத்தைத் தடுக்கக் கண்டல் மரம் வேண்டும். இரண்டையும் அழித்தால் முதலில் நனைவது நம் அரிசிப் பானையும் பிள்ளைகளின் புத்தகமும்தான்.

அழிக்கிற தரகன் எப்படி அழிக்கிறான்? கண்டலை வெட்டுகிறான். லாரி லாரியாகக் கட்டட இடிபாட்டைக் கொண்டு வந்து கொட்டுகிறான். மேடானதும் கயிறு கட்டிப் பங்கு போட்டு, ஸ்டாம்புத் தாளில் எழுதி விற்கிறான். விற்றவன் பணத்தோடு போய்விடுகிறான். வாங்கியவன் தண்ணீரிலும் வழக்கிலும் மாட்டிக்கொள்கிறான். அந்த ஸ்டாம்புத் தாளில் இரண்டு பேர் கையெழுத்து இருக்கும். இது சதுப்பா இல்லையா என்று ஒரு வரி இருக்காது.

எந்தச் சட்டம், எந்தக் கோடு?

மத்திய சர்க்காரின் ஏற்பாடுகள் இரண்டை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது கடலோர ஒழுங்குமுறை மண்டலம். ஆபீசுகளில் சி.ஆர்.இசட். என்பார்கள். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 1986இன் கீழ் 1991 பிப்ரவரி 19இல் முதல் அறிவிக்கை வந்தது. 2011இல் மாற்றினார்கள், 2019 ஜனவரி 18இல் மறுபடியும் மாற்றினார்கள். பெருக்கின்போது கடல்நீர் ஏறும் எல்லையை உயர் அலைக் கோடு என்று வைத்து, அங்கிருந்து அளக்கிறார்கள். திறந்த கடலோரத்தில் 500 மீட்டர். காடிகளில், 2019 அறிவிக்கையின்படி, 50 மீட்டர் அல்லது காடியின் அகலம், எது குறைவோ அது. கண்டல் காடு இருந்தால் மிகக் கடுமையான வகுப்பில் வைக்கிறார்கள். இதில் நமக்கு ஒரு செய்தி: இந்தியா முழுவதற்கும் உயர் அலைக் கோட்டை வரைகிற தேசிய மையம் நம் சென்னையில், அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது.

கண்டல் விஷயத்தில் பம்பாய் உயர்நீதிமன்றம் 2005இல் இடைக்கால உத்தரவும், 2018 செப்டம்பர் 17இல் இறுதித் தீர்ப்பும் தந்தது. சர்க்கார் நிலமானாலும் தனியார் நிலமானாலும் கண்டலை அழிக்கக் கூடாது. அதைச் சுற்றி 50 மீட்டருக்குள் கட்டக் கூடாது. பொதுநலனுக்கு அவசியம் என்று நீதிமன்றமே கருதினால்தான் விலக்கு. ஆகவே, "இது என் சொந்தப் பட்டா நிலம், யாரும் கேட்க முடியாது" என்று தரகன் சொன்னால் நம்பாதீர்கள். மராத்தியில் கண்டல் காட்டைக் காந்தள்வன் என்கிறார்கள். நம் சொல்லுக்குப் பக்கத்துச் சொல். காகிதத்தில் அந்தச் சொல்லைக் கண்டால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

இரண்டாவது, ஈரநிலப் பாதுகாப்பு விதிகள், 2017. ஏரி, குளம், உள்நாட்டுச் சதுப்பு இவற்றுக்கானது. கடலோர மண்டலத்துக்குள்ளும் காட்டுச் சட்டத்துக்குள்ளும் அடங்கும் இடத்துக்கு இந்த விதிகள் வராது; அங்கே அந்தந்தச் சட்டம்தான். நெல்வயலும், உப்பளமும், பாசனத்துக்காகவோ குடிநீருக்காகவோ வெட்டிய குளமும் இந்த விதிகளின் ஈரநிலம் என்ற சொல்லுக்குள் வராது. பட்டியலில் உள்ள ஈரநிலத்தில், கடந்த பத்தாண்டுச் சராசரி வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் படகுத்துறை தவிர நிரந்தரக் கட்டடம் கூடாது.

ஆனால் பட்டியல் எங்கே முடிந்தது? செயற்கைக்கோள் படத்தை வைத்து நாட்டில் 2,01,503 ஈரநிலங்கள் என்று ஒரு கணக்கு. அவற்றைப் பாதுகாக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2017 பிப்ரவரியில் உத்தரவிட்டது. பிறகு வந்த கணக்கில் 2,31,195. அவற்றை நேரில் சென்று எல்லை சரிபார்த்து முடிக்கும்படி 2024 டிசம்பர் 11இல் மீண்டும் உத்தரவிட்டது. 2017க்கும் 2024க்கும் நடுவே எத்தனை மனைகள் கைமாறியிருக்கும், எத்தனை அடித்தளம் போடப்பட்டிருக்கும் என்று யோசியுங்கள். எல்லை தெரியாமல் வாங்கியவன் தலையில் பழி விழுகிறது. எல்லை குறிக்காமல் இருந்தவனுக்கு ஒரு நோட்டீசும் இல்லை.

அமெரிக்காவில் எப்படி?

இங்கே வெளிநாட்டு முறை ஒன்றைச் சொல்ல வேண்டும். பணக்கார நாட்டைப் பார்த்து வாய்பிளக்கச் சொல்லவில்லை. அங்கேயும் சண்டை உண்டு. ஆனால் அவர்களிடம் உள்ள ஒரு காகிதம் நமக்குப் பாடமாகும்.

1972இன் தூய நீர்ச் சட்டப்படி, மத்திய சர்க்காரின் ஆளுகைக்கு உட்பட்ட நீர்நிலையிலோ சதுப்பிலோ மண் கொட்ட அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதியைத் தருவது ராணுவத்தின் பொறியாளர் படை. அப்படியானால், என் நிலம் அவர்கள் ஆளுகைக்குள் வருகிறதா இல்லையா? இதைத் தெரிந்துகொள்ள நில உரிமையாளன் ஒரு மனுக் கொடுக்கலாம். இடத்தின் வரைபடம், பரப்பு, நிலத்துக்குள் வந்து பார்க்கச் சம்மதம் ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புகிறான். கட்டணம் இல்லை. அதிகாரி கோப்புகளையும் படங்களையும் பார்த்தோ, தேவைப்பட்டால் நேரில் வந்தோ முடிவு செய்கிறார். அங்கே வளரும் செடி நீரில் நிற்கும் வகையா, மண் நீரில் ஊறிய மண்ணா, நீர் எவ்வளவு காலம் நிற்கிறது என்று மூன்றையும் சோதிக்க 1987இல் போட்ட கையேடு இருக்கிறது. அப்படிச் சதுப்பு என்று தெரிந்தாலும், அது சட்டத்துக்குள் வரும் நீரோடு சேர்ந்ததா என்பது தனிக் கேள்வி.

பதில் இரண்டு விதம். ஒன்று, உறுதி முடிவு. "உட்பட்டது" அல்லது "உட்பட்டதல்ல" என்று காரணத்தோடு எழுதித் தருவார்கள். பொதுவாக 5 ஆண்டுக்குச் செல்லும். ஒப்புக்கொள்ளாதவன் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். மற்றொன்று, முதற்கட்டக் கருத்து. "இருக்கலாம்" என்று சொல்வது. அனுமதியைச் சீக்கிரம் வாங்க விரும்புகிறவன், எல்லாம் சட்டத்துக்குள் வருவதாகவே வைத்துக்கொண்டு இதை ஏற்கிறான். இதன்மேல் முறையீடு கிடையாது. "இருக்கலாம்" என்ற சொல்லுக்கும் "இருக்கிறது" என்ற சொல்லுக்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள்!

இந்தக் காகிதத்தின் மதிப்பு இரண்டு வழக்குகளில் தெரிந்தது. மினசோட்டா மாநிலத்தில் கரிச்சேறு தோண்ட நினைத்த ஒரு கம்பெனியின் நிலம், சுமார் 120 மைலுக்கு அப்பால் ஓடும் ஆற்றோடு தொடர்புடையது என்று அதிகாரிகள் எழுதித் தந்தார்கள். அந்த முடிவை எதிர்த்தே நீதிமன்றம் போகலாம் என்று 2016இல் உச்சநீதிமன்றம் சொன்னது. எழுத்தில் முடிவு இருந்ததால்தானே வழக்குப் போட முடிந்தது?

இரண்டாவது, சாக்கெட் என்ற தம்பதியின் வழக்கு. ஐடஹோ மாநிலத்தில் ஓர் ஏரிக்குப் பக்கத்தில் 2004இல் மனை வாங்கினார்கள். 2007இல் வீடு கட்டச் சரளையும் மண்ணும் கொட்டினார்கள். மத்தியச் சுற்றுச்சூழல் நிறுவனம், "இது சதுப்பு, பழையபடி ஆக்கு, இல்லாவிட்டால் நாள்தோறும் அபராதம்" என்று உத்தரவு போட்டது. அந்த உத்தரவை எதிர்த்து வழக்குப் போடலாம் என்ற உரிமையைப் பெறவே 2012 ஆயிற்று. அந்த நிலம் சட்டத்துக்குள் வராது என்று இறுதித் தீர்ப்பு வந்தது 2023 மே 25இல். மண் கொட்டிப் பதினாறு ஆண்டு. நிலையாக ஓடும் அல்லது நிற்கும் நீரோடு மேற்பரப்பில் தொடர்ந்து இணைந்த சதுப்புதான் மத்திய சட்டத்துக்குள் வரும் என்று அன்று கோட்டைச் சுருக்கினார்கள். இதனால் பல சதுப்புகள் மத்தியச் சட்டத்தின் காப்பை இழந்தன என்று இயற்கையைக் காக்க நினைப்பவர்கள் வருந்துகிறார்கள். நீதிபதிகளே கோட்டை எங்கே போடுவது என்பதில் ஐந்துக்கு நான்கு என்று பிரிந்து நின்றார்கள்.

தீர்ப்பு சரியா தவறா என்பது வேறு விவாதம். பதினாறு ஆண்டு வழக்காட நம்மில் யாரால் முடியும்? பதினாறு நாள் வேலைக்குப் போகாவிட்டால் நம் வீட்டில் உலை கொதிக்காது. ஆகவே நமக்கு வேண்டியது, மண் கொட்டுவதற்கு முன் கிடைக்கிற பதில்.

இங்கே நாம் என்ன செய்யலாம்?

நம் நாட்டிலும் பெரிய கம்பெனிக்காரனுக்கு வழி இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற நிறுவனத்துக்குப் பணம் கட்டி, தன் நிலத்தின் மேல் உயர் அலைக் கோட்டைப் போட்டு, 1:4,000 அளவில் வரைபடம் வாங்கி அனுமதிக்குப் போகிறான். பத்துக்குப் பத்து ரூம் வாங்குகிறவன் பல கதவுகளைத் தட்ட வேண்டியிருக்கிறது. ஆனால் தட்டினால் திறக்கும் கதவுகள் உண்டு. வரிசையாகச் சொல்கிறோம், குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் நிலத்தின் நம்பர். நகரத்தில் சிட்டி சர்வே நம்பர் என்பார்கள். அதற்கு பிராப்பர்ட்டி கார்டு உண்டு. கிராமப் பகுதியானால் சாத் பாரா. விற்பவன் நம்பரைச் சொல்லத் தயங்கினால் அங்கேயே பேச்சை முடியுங்கள். கார்டில் சர்க்கார் பெயரோ காட்டு இலாகா பெயரோ இருந்தால், அவன் காட்டுகிற ஸ்டாம்புத் தாளுக்கு மதிப்பில்லை.

அடுத்து, அந்த நம்பரை வைத்து மாநகராட்சியில் டி.பி. ரிமார்க் வாங்குங்கள். நகர வளர்ச்சித் திட்டத்தில் அந்த இடம் என்ன என்று அதில் எழுதியிருக்கும். கடலோர மண்டலம் பற்றியும் தனியாகக் கேளுங்கள்.

மூன்றாவது, மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் வரைபடம். கண்டல் பற்றியானால் மாநில வனத்துறையின் கண்டல் பிரிவு. இவற்றில் உங்கள் நம்பர் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும்.

இந்த ஆபீசுகளில் பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. கட்டணம் ரூ.10. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவருக்கு அதுவும் இல்லை. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தவறினால் 30 நாளுக்குள் மேலதிகாரியிடம் முறையீடு. அதற்கும் மேல் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். தவறான ஆபீசுக்கு அனுப்பிவிட்டாலும், அவர்களே 5 நாளுக்குள் சரியான ஆபீசுக்கு மாற்றி அனுப்ப வேண்டும்.

இதில் மூன்று நுணுக்கம். மனு ஆங்கிலத்திலோ இந்தியிலோ அந்தப் பகுதியின் ஆட்சிமொழியிலோ இருக்க வேண்டும். இங்கே அது மராத்தி. தமிழில் எழுதிக் கொண்டு வாருங்கள். மராத்தி படித்த நம் பிள்ளைகள் சங்கத்தில் உட்கார்ந்து எழுதித் தருவார்கள். இரண்டாவது, மகாராஷ்டிர விதிப்படி ஒரு மனுவில் ஒரே விஷயம், 150 சொல்லுக்குள். மூன்றாவது மிக முக்கியம். "என் நிலம் சதுப்பா?" என்று அபிப்பிராயம் கேட்டால், "எங்களிடம் அப்படிக் கோப்பு இல்லை" என்று திருப்பிவிடுவார்கள். "இன்ன சர்வே நம்பர் அடங்கிய கடலோர மண்டல வரைபடத் தாளின் சான்றிட்ட நகல் வேண்டும்" என்று கேளுங்கள். கோப்பில் இருப்பதைத் தராமல் இருக்க முடியாது.

ஒரு தாய் கேட்பது நம் காதில் விழுகிறது: "ஏற்கெனவே குடியிருக்கிறோமே, கேட்கப் போய் நாமே வம்பை விலைக்கு வாங்குவதா?" நியாயமான பயம். அந்தச் சட்டத்தில் ஏன் கேட்கிறாய் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீட்டு நம்பரைப் போட வேண்டியதும் இல்லை. பகுதி முழுவதற்கும் உள்ள வரைபடத் தாளைக் கேட்கலாம். யாராவது ஒருவர் கேட்டால் போதும், தெரு முழுவதற்கும் பயன்படும். கேட்காமல் இருப்பதால் கோடு நகர்ந்துவிடப் போவதில்லை. கோடு எங்கே என்று தெரிந்தால்தான் மாற்றுக் குடியிருப்பு கேட்பதா, வரைபடத்தில் பிழை என்று ஆட்சேபிப்பதா, வழக்குப் போடுவதா என்று முடிவு செய்யலாம்.

ஒன்றை மறக்காதீர்கள். ரேஷன் கார்டு, போட்டோ பாஸ், மின்சார பில் இவை நீங்கள் அங்கே குடியிருக்கிறீர்கள் என்பதற்குச் சாட்சி. மாற்று வீடு கேட்கும்போது உயிர்நாடி. பத்திரமாக வையுங்கள். ஆனால் மண் என்ன வகை என்பதற்கு இவை சாட்சி ஆகாது. கொடுக்கிற ஒவ்வொரு மனுவுக்கும் நகல் வைத்து, அதில் ஆபீசு முத்திரையும் இன்வார்டு நம்பரும் தேதியும் வாங்குங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும்.

வழக்கு என்று வந்தால் வக்கீலுக்குப் பணமில்லையே என்று ஒதுங்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987இன்படி பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர், வருமானம் குறைந்தோர் இலவச வக்கீல் கேட்க உரிமை உண்டு. பெண்களுக்கு வருமானக் கணக்கே இல்லை. ஆகவே, தாய்மார்களே, மனுவில் முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும்.

நாம் கேட்பது

வழிகளைச் சொன்னோம். ஆனால் ஒரு கூலித் தொழிலாளி நான்கு ஆபீசுக்கு அலைந்து நான்கு நாள் கூலியை இழந்துதான் தன் காலடி மண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டுமா? ஆகவே சங்கத்தின் சார்பில் இந்தக் கோரிக்கைகளை முன்வைக்கிறோம்.

ஒரே ஓர் ஆபீசில், கட்டணமின்றி, சர்வே நம்பரைச் சொல்லி, "இது கடலோர மண்டலத்துக்கோ ஈரநில விதிக்கோ உட்பட்டதா?" என்று எவரும் கேட்கலாம் என்ற நிலை வர வேண்டும். குறித்த நாளுக்குள் ஆம் அல்லது இல்லை என்று காரணத்தோடு எழுத்தில் பதில் வர வேண்டும். அந்தப் பதிலின்மேல் முறையீடு செய்ய உரிமை வேண்டும். ஒவ்வொரு வார்டு ஆபீசிலும் வரைபடத்தைச் சுவரில் மாட்ட வேண்டும். கண்டலை வெட்டி விற்றவனைப் பிடிக்காமல் வாங்கியவன் வீட்டை மட்டும் இடிக்கக் கூடாது. சர்க்காரே கொண்டு வந்து இறக்கிய மக்களுக்கு, மாற்று வீட்டின் சாவி கையில் வந்த பிறகே வெளியேற்றம் என்ற பேச்சு.

இந்தக் கோரிக்கைகளில் மராத்தியத் தொழிலாளியும், உத்தரப்பிரதேசத் தொழிலாளியும், காடியில் மீன் பிடிக்கிற கோலி மக்களும் நம்மோடு நிற்க வேண்டும். கண்டல் அழிந்தால் மீனவனுக்கு வலை காலி. வெள்ளம் வந்தால் எந்த மொழிக்காரன் வீடு என்று பார்த்து நுழைவதில்லை.

கூட்டம் முடிந்ததும் மனு எழுதும் மேசை வாசலில் இருக்கும். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு தெருவிலிருந்தும் இன்வார்டு நம்பர் போட்ட ஒரு நகலாவது நம் கோப்பில் சேர்ந்திருக்க வேண்டும். அந்த நகல்கள் சேர்ந்த பிறகு, எல்லோரும் ஒன்றாக ஆணையத்தின் வாசலுக்குப் போவோம்.